பதினாலாம் நம்பர் அம்மா

போன மாதம் நம் பள்ளிக்கூடத்து வாட்ஸாப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். நம் மலையில், பிரிஞ்சாங் பஸ் நிறுத்தத்தில் ஓர் ஆள் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருக்கிறார். போர்வைக்கு வெளியே பாதங்கள் மட்டும் தெரிகின்றன. அதற்குக் கீழே நீங்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். ‘கைகால் நல்லாத்தான இருக்கு.’ ‘குடிச்சிட்டுக் கெடக்குது.’ ‘டூரிஸ்ட் வர்ற இடம் லா, பாக்கவே அசிங்கமா இருக்கு.’ சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வேறு, வரிசையாக.

நான் எதுவும் எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் இரண்டு வரியில் நிற்காது என்று தெரியும். இப்போது மூட்டுவலிக்கு மருந்து தடவிக்கொண்டு ஈப்போவில் என் மகள் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களுக்கும் அறுபதை ஒட்டிய வயதுதான். அவசரமாகப் போக வேண்டிய இடம் யாருக்கும் இருக்காது. உட்கார்ந்து படியுங்கள்.

நாம் நாலாம் வகுப்புப் படித்த வருடம். வருடக் கடைசி மழை அந்த முறை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. ஞாபகம் இருக்கிறதா, மேகம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்துவிடும். வாத்தியார் எழுதுகிற சுண்ணாம்புக்கட்டி ஈரத்தில் குழைந்து பலகையில் வழுக்கும். காலுறை காயவே காயாது. அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டு, புகைநாற்றத்தோடு மாட்டிக்கொண்டு வருவோம். ஒரு வகுப்பு முழுக்க விறகுப் புகை வீசும்.

அப்போது நாங்கள் சித்தப்பா வீட்டில் இருந்தோம். லயத்து வரிசையில் இரண்டு அறை கொண்ட வீடு, பதினொரு பேர். அப்பா தேயிலை ஃபாக்டரியில் வேலை. கல்யாணம் ஆகி இத்தனை வருடமாகியும் தனி வீடு கிடைக்கவில்லை. ஒருநாள் அப்பா வேலை முடிந்து வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

“வீடு கெடச்சிருச்சு.”

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “எந்த வீடு?”

“பதினாலு. கடைசி வீடு. தண்ணிக் கொழா பக்கத்துல.”

அம்மா முகத்தில் வந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. “அப்ப அவங்க எங்க போவாங்க?”

“அத ஆபீஸ் பாத்துக்கும்.”

தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். பதினாலாம் நம்பரில் இருந்தவர் இருபத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்தவர். பிள்ளைகள் இல்லை. புருஷன் அந்த வருடத் தொடக்கத்தில் இருமி இருமி இறந்துபோனார். அதற்கு இரண்டு மாதம் கழித்து அவர் ஈரச் சரிவில் கூடையோடு விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்து, கோணலாகக் கூடியது. அந்தக் கையால் முன்போல் பறிக்க முடியவில்லை. அதோடு அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம், இல்லாதவர்களுக்குச் சிவப்பு. சிவப்பு ஐசி வைத்திருப்பவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். அதைப் புதுப்பிக்க ஓடியாடிக்கொண்டிருந்தவர் புருஷன்தான். பெர்மிட் முடிந்தது, கையும் சரியாகவில்லை, ஆபீசில் பேரை வெட்டிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தவை. அப்போது தெரிந்தது ஒன்றே ஒன்று. எங்களுக்கு வீடு கிடைத்திருக்கிறது.

குடிபோன அன்று அம்மாதான் முதலில் உள்ளே போனாள். நான் பாயைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். வீடு கழுவி விட்டிருந்தது. அடுப்பு புதிதாக மெழுகியிருந்தது. சாணி வாடைகூட இன்னும் போகவில்லை. மூன்று நாளைக்கு ஆகும் விறகு, ஒரே அளவாகப் பிளந்து, சுவரோரம் அடுக்கியிருந்தது. சுவரில் சாமி படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சதுரமாக.

அம்மா அடுப்பைப் பார்த்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “வெளிய தள்ளுனா, தள்ளுன வீட்ட யாராச்சும் மெழுகிட்டுப் போவாங்களா?” என்றாள். அப்பா, “சரி சரி, சாமான எறக்கு,” என்றார்.

அந்த வீட்டில் இருந்தவர் எங்கே போனார் என்று மறுநாள் பள்ளிக்கூடம் போகும்போது தெரிந்தது. நம் தோட்டத்துப் பாதை தார்ரோட்டில் சேர்கிற இடத்தில் தகரம் போட்ட பஸ் கொட்டாய் ஒன்று இருந்ததே. அங்கே ஒரு டிரங்குப் பெட்டி, கருப்புக் குடை, எனாமல் குவளை, தகரவாளி. பெஞ்சின் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். சாயம்போன பச்சைக் கம்பளிச் சட்டை, நெற்றியில் விபூதி, எண்ணெய் வைத்து வாரிய தலை. பார்த்தால் யாருக்கும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் என்றுதான் தோன்றும்.

அப்படித் தோன்ற வேண்டும் என்பதற்காகவே அவர் அவ்வளவு பாடுபட்டார். விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆட்கள் வருவதற்கு முன்பே எழுந்து போர்வையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். லயத்துக் குழாயில் ஒரு வாளித் தண்ணீர் பிடித்துக்கொண்டு கீழே வாய்க்காலோரம் போய், புதர் மறைவில் முகம் கழுவுவார். ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று தலை வாருவார். உதிர்ந்த முடியைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொள்வார், கொட்டாயில் போடமாட்டார். கவாத்து செய்த தேயிலை மிலாறுக் குச்சிகளை விளக்குமாறு மாதிரி ஒரு கட்டாகக் கட்டி வைத்து, அந்த இடத்தைப் பெருக்கியே கிடப்பார். நாம் மழைக்கு ஒதுங்கினால் குடையையும் பெட்டியையும் இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்து, நம் பைகளுக்கு இடம் விடுவார். பஸ் வரும், நிற்கும், போகும். அவர் ஏறமாட்டார். ஒரு டிரைவருக்கு அது வேடிக்கையாகிப்போய், கொட்டாயைத் தாண்டும்போதெல்லாம் ஹாரனை நீளமாக அழுத்துவார். நாமும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

லயத்தில் பேசியது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். “அண்ணன் ஊருக்குக் கூப்ட்டாராம், போகல. திமிரு.” “வேல செய்யக் கசக்குது.” “பவுடர் பூசிக்கிட்டு ரோட்டுல உக்காந்தா என்னா அர்த்தம்?” அவர் பூசியது விபூதி. அழுக்காக இருந்திருந்தால் அழுக்கு என்று சொல்லியிருப்பார்கள். சுத்தமாக இருந்ததால் வேறு சொன்னார்கள்.

இன்னொரு விஷயம். வீடு எங்களுக்கு வந்த பிறகும் லயத்தில் அவரைப் ‘பதினாலாம் நம்பர் அம்மா’ என்றே சொன்னார்கள், வாய் பழகிப்போயிருந்தது. ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் அம்மாவின் கை ஒரு கணம் நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. குடையை மடக்கி, சொட்டுகிற தண்ணீர் எங்கள் படியில் விழாதபடி தள்ளிப் பிடித்துக்கொண்டு கூரை ஓரத்தில் நின்றார்.

“உள்ள வாங்கக்கா,” என்றாள் அம்மா. ஆனால் கதவை மறித்துக்கொண்டுதான் நின்றாள்.

“இருக்கட்டும்மா, கால் சேறு.” அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “ஒரு ஒதவி. நீல ஐசிக்கு எழுதிப் போட்டிருந்தேன். அவரு இருக்கறப்பவே போட்டது. அதுக்குப் பதில் சூராட், கடுதாசி வந்தா இந்த நம்பருக்குத்தான் வரும். வந்தா எனக்குச் சொல்லிவுடுறியா? நான் அங்கதான் இருப்பேன்.”

“சொல்றேங்கா.”

“நீல அட்ட வந்துட்டா பெர்மிட்டு கேக்க மாட்டாங்க. எங்கயாச்சும் வேலைக்குச் சேந்துக்குவேன்.” அப்புறம் கொஞ்சம் தயங்கி, “அடுப்படி மூலையில ஒழுகும். இந்த மழைக்கு ஒரு சட்டி வெச்சுக்க,” என்றார்.

அங்கே ஏற்கெனவே சட்டி வைத்திருந்தோம். சொட்டு விழுகிற சத்தம் வாசல்வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவருக்கும் கேட்டிருக்கும். தலையசைத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அம்மா அதைச் சொன்னபோது அப்பா, “நீல அட்ட வந்தா வீட்டத் திருப்பிக் கேப்பாளோ என்னமோ,” என்றார். அம்மா சட்டியில் நிறைந்த தண்ணீரைக் கொட்டப் போனாள். அந்தப் பேச்சு எனக்குள் முள் மாதிரி இறங்கிவிட்டது. சித்தப்பா வீட்டில் நான் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் கால் மடக்கித் தூங்கியவள். பதினாலில் எனக்கென்று ஒரு ஜன்னல் இருந்தது.

அடுத்த வாரம் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. முதலில் இரண்டு பேர், அப்புறம் ஐந்து. ஆறாவது என் தம்பி. மூன்று வயதுப் பிள்ளை, இரண்டே நாளில் கண் உள்ளே போய், அழக்கூடச் சத்தமில்லாமல் கிடந்தான். தோட்டத்து டிரஸ்ஸர் பார்த்துவிட்டுத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அம்மா அவனோடு போய்விட்டாள். தண்ணீரில்தான் கோளாறு என்று டிரஸ்ஸர் சொன்னாராம். தண்ணீரில் என்ன என்று கேட்க யாரும் மேலே ஓடைப்பக்கம் போகவில்லை. எல்லாருடைய தலையும் கீழே, பஸ் கொட்டாய்ப் பக்கம் திரும்பியது.

காலையில் குழாயடியில் கூட்டம். கங்காணி நடுவில் நின்றார். என்னைக் கூப்பிட்டார்கள். அப்பா என் தோளில் கை வைத்திருந்தார், கை கனமாக இருந்தது.

“நீதான தெனமும் அந்தப் பக்கம் போற? அவ டாங்கில துணி அலசுனத நீ பாத்தியா?” என்றார் கங்காணி.

நான் பார்த்தது அவர் குழாயில் வாளி பிடிப்பதை. எல்லாரும் பிடிக்கிற மாதிரி. குழாய்க்குத் தண்ணீர் வருகிற டாங்கி மேட்டுப்பக்கம் அவர் போனதே இல்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

“சொல்லு புள்ள. ஒந் தம்பி ஆஸ்பத்திரில கெடக்கான்.”

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அதற்கு முன்னால் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான் தலையாட்டினேன்.

உங்களில் சிலர் அங்கே நின்றீர்கள். அன்று முதல் நான் சொன்னதை உண்மை என்று நம்பியிருப்பீர்கள். அது பொய்.

கூட்டத்துக்குப் பின்னால் அவர் வாளியோடு நின்றுகொண்டிருந்தார் என்பது அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. வழி விட்டார்கள். அவர் முன்னால் வந்தார்.

“நான் டாங்கிப் பக்கம் போனதில்ல கங்காணி. இருவத்திரெண்டு வருசமா இந்தத் தண்ணியத்தான் நானும் குடிக்கிறேன்.”

“அப்ப புள்ள பொய் சொல்லுதா?”

அவர் என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை என்றால் இத்தனை வருடத்தில் நான் மறந்திருப்பேன். வகுப்பில் தெரிந்த பதிலை ஒரு பிள்ளை சொல்லாமல் நின்றால், பக்கத்துப் பிள்ளை சொல்லு சொல்லு என்று பார்க்குமே, அந்த மாதிரி பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அவர் பிடித்து வைத்திருந்த வாளித் தண்ணீரைக் குழாயடியிலேயே சாய்த்துவிட்டு, வெறும் வாளியோடு போனார்.

அன்றிலிருந்து குழாய்க்கு வரக்கூடாது என்றார்கள். அவர் ரோட்டுக்குக் கீழே ஆற்றுக்கு இறங்கித் தண்ணீர் தூக்கினார், அந்தக் கோணல் கையால். இரண்டு நாள் கழித்துக் கொட்டாயிலிருந்த பெஞ்சுப் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவர் பெட்டிமேல் உட்கார்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ப்பக்க ஓரமாக நடந்து போவேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கொட்டாய் காலியாக இருந்தது. தரை பெருக்கியிருந்தது. மிலாறுக் கட்டு மூலையில் சாய்த்து வைத்திருந்தது.

காய்கறி லோரி ஒன்று கோலா தெர்லாப் பக்கம் ஏற்றிக்கொண்டு போனதாகப் பேசிக்கொண்டார்கள். “அவளாப் போயிட்டா, நல்லதாப் போச்சு,” என்றார்கள்.

தம்பி பிழைத்து வந்தான். ஆனால் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. அவர் போன பிறகும் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு வந்தது. இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. “அவ பண்ணிட்டுப் போனது இன்னும் தண்ணிக்குள்ள கெடக்கு,” என்று ஒரு அக்கா சொன்னதை நானே கேட்டேன்.

மழை கொஞ்சம் விட்ட ஒரு சனிக்கிழமை, பாக்குக் கீரை பறிக்க நான் ஓடை ஓரமாக மேலே ஏறினேன். டாங்கிக்குத் தண்ணீர் வருகிற அந்த ஓடைதான். டாங்கியையும் தாண்டிப் போனால் தேயிலை முடிந்து தவுக்கே என்று நாம் சொல்கிற சீன முதலாளியின் காய்கறித் தோட்டம் வரும். அதன் விளிம்பில், ஓடைக் கரையிலேயே, கோழிச்சாணி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். கீழே இருந்த மூட்டைகள் மழையில் கிழிந்து, உள்ளே இருந்தது பழுப்பாக வழிந்து தண்ணீரில் கலந்துகொண்டிருந்தது. நாற்றம் தாங்காமல் பாவாடை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். சில்லென்ற அந்தக் காற்றில் ஈக்கள் மொய்த்ததை அங்கேதான் பார்த்தேன்.

ஓடி வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் வாசலில் உட்கார்ந்து பூட்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யார்ட்டயும் சொல்லாத.”

“ஏம்ப்பா?”

“சொல்லாதன்னா சொல்லாத. ஞாயித்துக்கெழம அந்தத் தவுக்கேகிட்டத்தான் லயத்துல பாதிப் பேரு வேலைக்குப் போறோம். கழிச்சுப் போட்ட முட்டக்கோசெல்லாம் அவந்தான் குடுக்குறான்.” அடுத்த பூட்சை எடுத்துக்கொண்டு, “கங்காணிக்கும் தெரியும்,” என்றார்.

அப்பாவுக்கு முன்பே தெரியும் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. உள்ளே அம்மாவுக்குப் புரிந்தது. அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் திரும்பி, “சாமி படத்துக்குப் பின்னால ஒரு சூராட் இருக்கு, எடு,” என்றாள்.

பழுப்பு உறை. பதினாலாம் நம்பர் அம்மாவின் பெயர் தட்டச்சில் இருந்தது. அவர் போன மறுநாளே வந்துவிட்டதாம். போனவரை எங்கே தேடுவது என்று அம்மா வைத்துவிட்டாள். தேட மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. ஆஸ்பத்திரியில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவளும் கங்காணி சொன்னதை நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கை அவளுக்கு வசதியாகவும் இருந்திருக்கிறது. இதை அம்மாவே பிற்காலத்தில் என்னிடம் சொன்னாள்.

எனக்கு மலாய் நன்றாக வாசிக்க வரும். சத்தமாக வாசித்தேன். தானா ராத்தாவில் நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தேதி முந்தின செவ்வாய்க்கிழமை.

மறுநாள் காலை அம்மா தலை வாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு, தம்பியைச் சித்தியிடம் விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அப்பா, “தேதிதான் முடிஞ்சிருச்சே, இப்பப் போயி என்னா?” என்றார். அம்மா நிற்கவில்லை. கோலா தெர்லாவில் இறங்கி, ஒவ்வொரு காய்கறித் தோட்டமாகக் கேட்டுக்கொண்டே நடந்தோம். நாலாவது தோட்டத்தில், ஆற்றோரத் தகரக் கொட்டகையில் அவர் இருந்தார். சாலட் கீரையின் பழுத்த இலைகளைக் கிள்ளிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அதே பச்சைக் கம்பளிச் சட்டை. கொட்டகையின் ஒரு மூலையில் சாக்குத் திரை. அதற்குப் பின்னால்தான் படுக்கை. பெர்மிட் இல்லாததால் கள்ளத்தனமான வேலை. அரசாங்க ஆபீஸ் ஆட்கள் வந்தால் ஆற்றுப்பக்கம் இறங்கி மறைந்துகொள்ள வேண்டும் என்று பிறகு அம்மாவிடம் சொன்னாராம்.

எங்களைப் பார்த்ததும் எழுந்தார். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, முந்தானையால் துடைத்தார்.

“உக்காரும்மா. தம்பி எப்படி இருக்கான்?”

அம்மாவுக்கு அதிலேயே அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி அடுப்பில் தண்ணீர் வைத்தார். இரண்டு குவளைகள்தான் இருந்தன. இரண்டிலும் எங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டார். வீட்டுக்கு வந்தவர்களைக் கவனிக்கிற மாதிரி கவனித்தார். அந்தக் கொட்டகையில் எங்களைவிட அவருக்குத்தான் வீட்டில் இருப்பதுபோல் இருந்தது.

அம்மா கடிதத்தை நீட்டினாள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. என்னிடம் கொடுத்தார். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன்.

“தேதி என்னான்ன?”

“போன செவ்வா.”

“இன்னொருக்கா படி பாப்பா.”

மறுபடியும் படித்தேன். அதே தேதிதான் இருந்தது. அவர் கடிதத்தை வாங்கி, இருந்த மடிப்பிலேயே மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். வெளியே லோரி ஒன்று பின்னால் வந்து நின்று கூடைகள் ஏறும் சத்தம் கேட்டது. அவர் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கோணலாகக் கூடிய அந்தக் கையை.

“என் தப்புத்தான்கா,” என்றாள் அம்மா. “வந்த அன்னிக்கே குடுத்திருக்கணும்.”

அவர், “பரவால்ல,” என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். “ம்,” என்றார்.

அம்மா கை கழுவ வெளியே போனபோது நானும் சொன்னேன். “டாங்கில துணி அலசுனதா தலையாட்டுனது... நான் பாக்கல. பொய்.”

“தெரியும்,” என்றார்.

அவ்வளவுதான். என் குவளையை வாங்கி, மிச்சமிருந்த தேத்தண்ணீரை அதில் ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்தேன். அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று குடித்து முடிக்கிறவரை காத்திருந்தேன். ஐம்பது வருடமாகப் போகிறது. இன்னும் சில நேரம் காத்திருக்கிற மாதிரித்தான் இருக்கிறது.

அந்த வாரமே அம்மா ஒருநாள் தோட்டத்து வேலைக்குப் போகாமல் அவரைத் தானா ராத்தாவுக்கு அழைத்துப் போனாள். தேதி தவறியதால் புதிதாக மனுப் போடச் சொன்னார்கள். குடியிருக்கும் விலாசம் என்று ஓர் இடம் இருந்தது. கொட்டகையைப் போட முடியாது, போட்டால் கள்ள வேலை தெரிந்துவிடும். விலாசம் இல்லாமல் அட்டை வராது. அட்டை இல்லாமல் வேலை இல்லை. வேலை இல்லாமல் வீடு இல்லை. அம்மா எழுத்தரிடம் எங்கள் வீட்டு நம்பரைச் சொன்னாள்.

அப்பா அதைக் கேட்டுக் குதித்தார். “ஆபீஸ் கிராணிக்குத் தெரிஞ்சா நம்ம பேரையும் வெட்டிருவான்! ஒனக்கு மூள இருக்கா?”

“வெட்டட்டும். நாமளும் பஸ் கொட்டாய்ல போயி இருப்போம்,” என்றாள் அம்மா. “உக்காரத்தான் முடியாது. பெஞ்சத்தான் கழட்டிட்டீங்களே.”

அப்பா அதற்கப்புறம் ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. ஆனால் ஆபீசுக்கும் சொல்லவில்லை. அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ சொல்ல எனக்கு இன்றைக்கும் வரவில்லை. பதினொரு பேருக்கு நடுவில் அத்தனை வருடம் படுத்து எழுந்த மனிதருக்கு ஒரு வீடு கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ள என்னென்ன செய்வார் என்பது மட்டும் தெரியும்.

ஒரு வருடத்துக்கும் மேலே இழுத்தது. இரண்டு தடவை பழுப்பு உறை வந்தது. இரண்டு தடவையும் அம்மா வேலை முடிந்ததும் வீட்டுக்குள் வராமல் அப்படியே பஸ் ஏறிக் கோலா தெர்லாவுக்குப் போனாள். கடைசியில் நீல அட்டை கிடைத்தது. பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் நம் தோட்டத்துக்கு வேலை கேட்டு வரவில்லை. அதே காய்கறித் தோட்டத்தில், ஒளியாமல் வேலை செய்தார். பின்னால் கம்போங் ராஜாவில் ஒரு கடைக்குப் பின்னால் அறை வாடகைக்கு எடுத்து இருந்தார் என்றும், அங்கேயே தூக்கத்தில் போய்விட்டார் என்றும் கேள்விப்பட்டேன். அப்போது நான் கல்யாணமாகி ஈப்போ வந்துவிட்டிருந்தேன். செய்தி வந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தண்ணீர் விஷயம் குழாயடியில் கடைசிவரை யாரும் பேசவில்லை. டாங்கியை மேலே வேறு ஓடைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அவரிடம் போய் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அட்டை கிடைத்த நாளில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மத்தியான நேரம். நான் ஐந்தாம் வகுப்பு முடித்து லீவில் இருந்தேன். குடையை மடக்கி வாசலில் நின்றார். இந்த முறை அம்மா கதவை விட்டு விலகி நின்றாள்.

“உள்ள வாங்கக்கா.”

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். மடியிலிருந்து எடுத்த நீல அட்டையை என்னிடம் கொடுத்தார்.

“படி பாப்பா.”

நான் அவர் பெயரைப் படித்தேன். அதற்குமுன் அந்தப் பெயரை நம் லயத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு விலாசத்தைப் படித்தேன். பதினாலாம் நம்பர், லயத்தின் பெயர், தோட்டத்தின் பெயர். நான் வாசிக்க வாசிக்க அவர் தலையை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார். அட்டைப்படி நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

அம்மா பாயை விரித்தாள். இந்த முறை மூன்று குவளை. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மெதுவாகக் குடித்தார். எங்கள் சாமி படத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என் ஜன்னலைப் பார்த்தார். குவளை காலியானதும் எழுந்தார். அம்மா, “இருந்து சாப்ட்டுட்டுப் போங்க,” என்றாள். “லோரி நிக்குதும்மா, சாலட் ஏத்தணும்,” என்றார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். குழாயடியில் இரண்டு பெண்கள் வாளி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைத் தாண்டி நடந்தார். அவர்களும் கூப்பிடவில்லை, அவரும் நிற்கவில்லை. பச்சைச் சட்டை தேயிலைக்கு நடுவே கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் மேகம் இறங்கிவிட்டது.

சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்தார். பாய் விரித்தபடி கிடந்தது, பக்கத்தில் மூன்று குவளைகள். அம்மா அவற்றைக் கழுவ எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“யாரு வந்தது?” என்றார் அப்பா.

“வீட்டுக்காரம்மா வந்துட்டுப் போனாங்க,” என்றாள் அம்மா.

அப்பா மூன்று குவளைகளையும் பார்த்தார். பிறகு கால் கழுவப் பின்பக்கம் போனார். நாங்கள் தண்ணீர் ஊற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அது ரொம்ப நேரம் கேட்டது.